சாப்பாட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. பதினேழு வயதில் பிடித்த உண்ணல் கோளாறோடு ஒன்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டு மெல்ல வெளியே வந்தவள். திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக வாரத்தில் ஒரு மாலை, இதே சிக்கலில் இருப்பவர்களோடும் அவர்களுடைய பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எடை, கலோரி, இடுப்பளவு என்று எந்த எண்ணும் கீழே வராது. எண்ணைக் கண்டால் அதோடு போட்டிக்கு நிற்கும் மனம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

நான் ஒல்லியாகவே இல்லை. எனக்கு இந்த நோய் இருக்க முடியுமா?

முடியும். உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்சியாதான் எல்லோருக்கும் தெரிந்த முகம். அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி, பட்டினி, ஓயாத உடற்பயிற்சி என்று போவது புலிமியா. ஈடுகட்டல் எதுவும் இல்லாமல் அடங்காமல் உண்பது இன்னொரு வகை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல்தான் அதைத் தனி நோயாக ஏற்றது. பின்னிரண்டு வகையிலும் பெரும்பாலோர் பார்வைக்கு எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள், அல்லது சற்றுப் பருமனாக. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒன்பது ஆண்டில் ஒருவர்கூட என்னைப் பார்த்து நோயாளி என்று நினைக்கவில்லை.

அனோரெக்சியா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் பசியின்மை என்று பொருள். தமிழிலும் 'பசியின்மை நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். தப்பான பெயர். பசி இருக்கும். தூக்கத்தில்கூட இருக்கும்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் எடையைக் கேட்பதில்லை. ஒரு நாளில் எவ்வளவு நேரம் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றியே யோசிக்கிறீர்கள் என்று கேட்பேன். "கண் விழித்ததிலிருந்து" என்று பதில் வந்தால், தராசு என்ன காட்டினாலும் அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குணமாக வேண்டும் என்ற ஆசையே வரவில்லை. அது வந்த பிறகு தொடங்கக் கூடாதா?

இங்கேதான் பலர் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். முதலில் மனம் மாற வேண்டும், பிறகு உடம்பு தானாகத் தேறும் என்று நினைக்கிறோம். நடப்பது பெரும்பாலும் தலைகீழாக.

1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவூட்டுவது என்று அறிவது நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஏறத்தாழ ஆறு மாதம் அரை வயிற்று உணவு. அதற்குள் அவர்கள் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு துண்டு ரொட்டியைப் பொடிப்பொடியாக்கி ஒரு மணி நேரம் தின்றார்கள், தட்டை நக்கினார்கள். நண்பர்களை வெறுத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், எதிலும் நாட்டமில்லாமல் முடங்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை, வயிறு புடைக்கத் தின்றும் பசித்தது. மனம் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆயின. அவர்களுக்கு எந்தக் கோளாறும் இருந்ததில்லை. பட்டினி மட்டுமே செய்த வேலை அது.

இதைப் படித்த அன்று நான் அழுதேன். என் 'சுபாவம்' என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பட்டினியின் அறிகுறி. சோற்றை அளந்து பரப்புவது, தங்கையோடு சண்டை, கல்லூரி ஆண்டுவிழாவுக்குப் போகாதது, எல்லாம்தான். அப்படிப்பட்ட மூளையிடம் போய் "உனக்குக் குணமாக விருப்பமா?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

ஆகவே விருப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்துக்கு விருப்பமா தேவை? மாத்திரையை விழுங்குகிறோம், காய்ச்சல் இறங்குகிறது, அப்புறம்தான் எழுந்து நடக்க ஆசை வருகிறது. வேளைக்குச் சாப்பிடுவதுதான் இங்கே மாத்திரை. மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். புலிமியாவுக்கும் இதேதான், அடங்காமல் உண்பதற்கும் இதேதான். இரவு பத்து மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று அடங்காமல் தின்பதன் காரணம் பெரும்பாலும் காலையில் தவிர்த்த இட்லி. எனக்கு ஆசை வந்தது ஏறக்குறைய நான்காம் மாதத்தில். அதுவரை அம்மாவின் பிடிவாதத்தில்தான் ஓடியது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நீண்ட நாள் மிகக் குறைவாகவே சாப்பிட்டவர்கள் திடீரென்று வயிறு நிறையச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தைத் தாக்கும் ஆபத்து உண்டு. மருத்துவர் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

பாதி மனம் வேண்டும் என்கிறது, பாதி வேண்டாம் என்கிறது. நான் நடிக்கிறேனா?

இல்லை. இந்த நோய் எதையோ கொடுக்கிறது, அதனால்தான் விட முடியவில்லை. எனக்கு அது தேர்வு பயத்தை மரத்துப்போகச் செய்தது. அப்பாவின் குரல் உயரும்போது ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. லண்டனில் சிகிச்சையாளர்கள் நோயாளிகளை இரண்டு கடிதம் எழுதச் சொல்வது வழக்கம். ஒன்று நோயை நண்பனாக வைத்து, மற்றொன்று எதிரியாக வைத்து. எழுதிப் பாருங்கள். நண்பனுக்கான கடிதம் நீளமாக வந்தால் வெட்கப்பட வேண்டாம். அதில் இருப்பவைதான் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் உதவிகளின் பட்டியல். என் முதல் கடிதத்தில் 'நீ இருந்தால் யாரும் என்னிடம் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை' என்று ஒரு வரி இருந்தது. சிகிச்சையாளர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் பேசினார்.

யாரிடம் முதலில் சொல்வது? வாயே வரவில்லையே.

மிக நெருக்கமானவரிடம்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. பதறாதவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு அது சித்தி, சிலருக்கு விடுதித் தோழி, சிலருக்கு அண்ணி. என் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர். அடிக்கடி வாந்தி எடுத்தால் மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம் அமிலத்தில் தேயும். அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "வாந்தி அடிக்கடி வருமாம்மா?" என்று மட்டும் கேட்டார். குரலில் வியப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வாய் நிறையப் பஞ்சோடு தலையாட்டினேன். (வாந்திக்குப் பிறகு உடனே பல் துலக்காதே, தண்ணீரில் கொப்பளி என்றும் சொல்லி அனுப்பினார். ஆண்டுக்கணக்கில் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்.)

வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். நான்கு வரி போதும்: 'எனக்குச் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு நோய் இருக்கிறது என்று நினைக்கிறேன். பல மாதமாக மறைக்கிறேன். இப்போது அறிவுரை வேண்டாம். மருத்துவரிடம் என்னோடு வர முடியுமா?' கடைசி வரி முக்கியம். கேட்பவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அவர் பதறுவது குறையும்.

வீட்டில் வயிற்றுக் கோளாறு என்கிறார்கள், கண்ணேறு என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

நம் பக்கத்தில் இந்த நோயின் பாதை பெரும்பாலும் இப்படித்தான். முதலில் மந்திரித்துத் தாயத்து. பிறகு குடல் மருத்துவர், ஸ்கேன், எண்டோஸ்கோபி, 'எல்லாம் நார்மல்'. பிறகு சத்து டானிக். மனநல மருத்துவர் கடைசி நிறுத்தம்.

வீட்டாரை மட்டும் குறை சொல்ல முடியாது. நோயாளியே "குண்டாகிவிடுவேன் என்று பயம்" என்று சொல்லாமல், "சாப்பிட்டால் வயிறு உப்புகிறது" என்றுதான் சொல்லக்கூடும். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 70 அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் பருமன் பயமே காணப்படவில்லை. வயிற்று உப்புசம், பசியில்லை என்பவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள். மேலைநாட்டு அறிகுறிப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருக்கும் மருத்துவர் இவர்களைத் தவறவிட்டுவிடுவார்.

அந்த உப்புசம் பொய்யும் இல்லை. குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். சாப்பிடச் சாப்பிட, சில வாரங்களில் அது சரியாகும். வீட்டில் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: "வயிறு பழுதாகவில்லை, வேலை மறந்திருக்கிறது. மருத்துவர் சொல்லும் முறையில் சாப்பிட்டால் திரும்பிவிடும்." மனநோய் என்ற சொல்லுக்கு மிரளும் பாட்டிக்கும் இது புரியும். தாயத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். கையில் அது இருந்துவிட்டுப் போகட்டும், இரத்தப் பரிசோதனைக்கு மறு கை இருக்கிறது.

எந்த மருத்துவரைப் பார்ப்பது? பணம் அதிகம் ஆகுமா?

முதலில் பொதுமருத்துவர்: நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இசிஜி, இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும். அடுத்து மனநல மருத்துவரும் உளவியல் ஆலோசகரும். உணவியல் நிபுணர் ஒருவர் சேர்ந்தால் நல்லது, ஆனால் 'எடை குறைப்பு' விளம்பரம் போடுகிறவரைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசி உதவி, நாள் முழுவதும் உண்டு, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த நோய்க்கென்றே அமைப்புகள் உள்ளன: பிரிட்டனில் பீட், ஆஸ்திரேலியாவில் பட்டர்ஃபிளை. மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதல் மருத்துவர் சரியாக அமையாமல் போகலாம். நான் முதலில் பார்த்தவர் "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார். இரண்டாமவரிடம் போக எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தை நீங்கள் எட்டு நாளாக்கிக்கொள்ளலாம்.

என் மகள் சாப்பிட மறுக்கிறாள். வற்புறுத்தலாமா, விட்டுப் பிடிக்கலாமா?

எங்கள் குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். "அவளாக உணரட்டும்" என்று விலகி நிற்பது மரியாதை போலத் தோன்றும். அனோரெக்சியாவில் அது ஆபத்து.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். நோய் ஏன் வந்தது என்று பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவதில்லை. கொஞ்ச காலம் உணவுப் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் கையில் எடுக்கிறார்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்பதை அவர்களே முடிவு செய்து, கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பு தேறிய பிறகு பொறுப்பைப் படிப்படியாகப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறார்கள். அதன் பின்தான் மற்றப் பேச்சுகள். 1987இல் வெளியான முதல் ஒப்பீட்டு ஆய்விலேயே, சிறு வயதில் நோய் தொடங்கி மூன்றாண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு இது கூடுதல் பலன் தந்தது. நாள் கடத்தாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

வற்புறுத்துவது என்றால் வாயைத் திறந்து திணிப்பதா? இல்லை, அடிப்பதும் இல்லை. என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். நோய் வெளியே தெரியும்வரை அவள் தினமும் சமையலறையிலிருந்து "சாப்பிட்டாயா?" என்று கேட்பாள், நானும் அறையிலிருந்து "சாப்பிட்டேன்" என்பேன். ஒன்பது ஆண்டு இந்த நாடகம். மருத்துவர் சொன்ன பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் கத்தியபோதும் எழுந்து போகவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை. "இது மருந்து. முடியும்வரை நான் இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்லாங்குழி ஆடினாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கழிவறைக்கு ஓடத் தோன்றும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பல்லாங்குழியில் அவள் கள்ளாட்டம் ஆடுவாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சொல்லக் கூடாதவை சில. "உனக்கு என்ன குறை வைத்தோம்?" வேண்டாம். "சோற்றுக்கு வழியில்லாதவர்களை நினைத்துப் பார்" வேண்டாம், அவள் ஏற்கெனவே நினைத்துக் குமைகிறாள். தேறி வரும்போது "இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது", "உடம்பு பூசியிருக்கிறது" என்று மனமாரச் சொல்வதும் அவள் காதில் 'குண்டாகிவிட்டாய்' என்றே விழும். உடம்பைப் பற்றி நல்லதாகவும் பேச வேண்டாம். வருகிற அத்தை மாமாக்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள். கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும்.

பண்டிகை, கல்யாணம், விரதம் வந்தால் என்ன செய்வது?

பந்தியில் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். விஷயம் தெரிந்த ஒருவராக இருக்கட்டும். அன்று விருந்து என்று காலை உணவைத் தவிர்க்காதீர்கள்.

விரதம் வேறு விஷயம். நோய் முற்றிய காலத்தில் எனக்கு வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று பக்தியும் முற்றிவிட்டது. வீட்டில் பெருமைப்பட்டார்கள். தேறி இரண்டு மூன்று ஆண்டு ஆகும்வரையாவது விரதம் வேண்டாம். நோயாளிக்கு ரமலான் நோன்பிலும் விலக்கு இருக்கிறது. முருகனும் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் கேட்டுவிட்டேன்.

விடுதியில் தனியாக இருக்கிறேன். துணைக்கு யாரும் இல்லை.

மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கோ தோழிக்கோ வீடியோ அழைப்பு போடுங்கள். பேச வேண்டும் என்றுகூட இல்லை, எதிரே ஒரு முகம் இருந்தால் போதும். எங்கள் குழுவில் இரண்டு பேர், ஒருத்தி கோவையில், ஒருத்தி பெங்களூருவில், ஓராண்டு இரவுச் சாப்பாட்டை இப்படியே ஓட்டினார்கள். இருவரும் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

இணையக் குழுக்களில் சேரலாமா?

பார்த்துச் சேருங்கள். பொறுப்பாளர் ஒருவர் இருக்கும் குழுவா, எண்களும் 'முன்-பின்' படங்களும் தடை செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். யார் அதிகம் நோயுற்றவர் என்ற போட்டி நடக்கும் இடமாக இருந்தால் அன்றே வெளியேறிவிடுங்கள்.

ஆண்களுக்கும் வருமா?

வரும். 1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் விவரித்த, இந்த நோயின் மிகப் பழைய பதிவுகளாகக் கருதப்படும் இரண்டு பேரில் ஒருவர் பதினாறு வயதுப் பையன். ஆனாலும் மாதவிடாய் நிற்பது அனோரெக்சியாவின் அடையாளங்களில் ஒன்றாக 2013வரை அமெரிக்கக் கையேட்டில் இருந்தது. ஆண்களை எங்கே வைத்துப் பார்த்திருப்பார்கள்? நம் ஊரில் அது ஜிம்முக்குள் ஒளிந்துகொள்கிறது. சோற்றை விட்டு, நாளுக்கு மூன்று வேளை உடற்பயிற்சி செய்து, ஒரு நாள் தவறினால் நிலைகொள்ளாமல் தவிக்கும் தம்பியை வீட்டில் 'கட்டுப்பாடானவன்' என்று பாராட்டுவார்கள்.

ஆறு மாதம் நன்றாக இருந்தேன். மறுபடி தொடங்கிவிட்டது. எல்லாம் வீணா?

வீணில்லை. எனக்கு மூன்று முறை திரும்பியது, ஒன்று தம்பி திருமணத்தின்போது, ஒன்று வேலை மாறியபோது. மூன்றாவதற்குக் காரணமே தெரியவில்லை. திரும்பும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த வேளையைத் தவிர்க்காமல் சாப்பிடுவது. நேற்றைக்குத் தண்டனையாக இன்று பட்டினி கிடந்தால் சக்கரம் அங்கிருந்தே சுழலத் தொடங்கும். அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அன்றே.

பத்து ஆண்டாக இருக்கிறது. இனிமேலா குணமாகும்?

அமெரிக்காவின் பாஸ்டனில் உண்ணல் கோளாறு இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2017இல் வந்தன. ஒன்பதாம் ஆண்டில் பார்த்தபோது அனோரெக்சியா இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட மீண்டிருக்கவில்லை. இருபத்திரண்டாம் ஆண்டில் பார்த்தபோது ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் மீண்டிருந்தார்கள். ஒன்பதாம் ஆண்டோடு கோப்பை மூடியிருந்தால் அவர்களில் பாதிப் பேரைத் தீராத நோயாளிகள் என்று எழுதியிருப்போம்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மயக்கம் போட்டால். நெஞ்சு படபடத்தால், துடிப்பு தாறுமாறாக இருந்தால். வாந்தியில் இரத்தம் வந்தால். தண்ணீர்கூட இறங்காவிட்டால். எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தளர்ந்தால். சாகத் தோன்றினால். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமானவற்றில் ஒன்று அனோரெக்சியா. 108ஐ அழைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இப்போது உங்கள் எடை எவ்வளவு?

கேட்காதவர்களே இல்லை. எனக்குத் தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகும்போது தராசின் மேல் முதுகைக் காட்டி ஏறுவேன். அவர் குறித்துக்கொள்வார், நான் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.